ஏழு உள்ளகங்கள் கொண்ட ஒளியிழையில் ஒரு வளைவு உணரி: செய்முறை அனுபவப் பதிவு

வளையும் தன்மையுள்ள மெல்லிய குழாய் ஒன்று எந்தத் திசையில், எவ்வளவு வளைந்திருக்கிறது என்பதை, வெளியிலிருந்து பார்க்காமல், அதற்குள் கிடக்கும் ஒரேயொரு ஒளியிழையைக் கொண்டே அறிந்துகொள்வதுதான் இந்தச் செய்முறையின் நோக்கம். இதற்காக ஏழு உள்ளகங்கள் (ஒளி செல்லும் நுண்ணிய கண்ணாடிப் பாதைகள்) கொண்ட சிலிக்கா இழை ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். உள்ளகங்களைச் சூழ்ந்த கண்ணாடியான மேலுறையின் விட்டம், வழக்கமான தொலைத்தொடர்பு இழைக்கு உள்ளதைப் போலவே, 125 மைக்ரோமீட்டர். நடுவில் ஓர் உள்ளகமும், அதிலிருந்து 35 மைக்ரோமீட்டர் தொலைவில், அறுகோணத்தின் மூலைகளில் ஆறு உள்ளகங்களும் அமைந்துள்ளன. இந்த வேலையில் ஈடுபட்டபோது எனக்கு உறுதியான கருத்து ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அளக்கும் கருவி எவ்வளவு நுட்பமானது என்பதைவிட, ஒவ்வோர் உள்ளகமும் இழைக்குள் உண்மையில் எங்கே இருக்கிறது என்பதை நாம் எவ்வளவு சரியாக அறிந்திருக்கிறோம் என்பதே முடிவின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

அடிப்படை இயற்பியல் இதுதான். இழை வளையும்போது வளைவின் வெளிப்பக்கத்தில் உள்ள கண்ணாடி நீள்கிறது, உட்பக்கத்தில் உள்ளது சுருங்குகிறது, நடுக்கோடு மட்டும் நீளம் மாறாமல் இருக்கிறது. ஓர் உள்ளகத்தில் ஏற்படும் திரிபு (நீள மாற்றத்துக்கும் மூல நீளத்துக்கும் உள்ள விகிதம்), நடுவிலிருந்து அதற்கு உள்ள தொலைவை வளைவின் ஆரத்தால் வகுத்து, வளைவின் திசைக்கும் அந்த உள்ளகம் இருக்கும் திசைக்கும் இடைப்பட்ட கோணத்தின் கோசைனால் பெருக்கினால் கிடைக்கும். 10 சென்டிமீட்டர் ஆரத்தில் வளைத்தால், வளைவின் திசையிலேயே இருக்கும் உள்ளகத்தில் 350 மைக்ரோ திரிபு (பத்து லட்சத்தில் 350 பங்கு) உண்டாகிறது. ஒரு மீட்டர் ஆரத்தில் அது வெறும் 35 மைக்ரோ திரிபுதான்.

இந்தத் திரிபைப் படிப்பதற்கு ஒவ்வோர் உள்ளகத்திலும் பிராக் கீற்றணிகள் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 535 நானோமீட்டருக்கு ஒருமுறை ஏறி இறங்கும்படி செய்தால், அந்தப் பகுதி 1,550 நானோமீட்டருக்கு அருகில் உள்ள ஒரு குறுகிய நிறத்தை மட்டும் திருப்பி அனுப்பும். ஒரு மைக்ரோ திரிபுக்கு இந்த அலைநீளம் சுமார் 1.2 பிகோமீட்டரும், ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 10 பிகோமீட்டரும் நகர்கிறது. இவ்விரு எண்களையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே பல உள்ளகங்களின் தேவை புரிந்துவிடும். ஒரு மீட்டர் ஆர வளைவு தரும் 42 பிகோமீட்டர் நகர்வை, நான்கு டிகிரி வெப்பநிலை மாற்றமும் தந்துவிடும். ஒற்றை உள்ளக இழையால் இவ்விரண்டையும் பிரித்தறிய முடியாது. பல உள்ளகங்கள் ஒரே கண்ணாடிக்குள் இருக்கும்போது வெப்பம் எல்லாவற்றையும் ஒரே அளவில் நகர்த்துகிறது. வளைவோ எதிரெதிர் பக்கங்களை எதிரெதிராக நகர்த்துகிறது. நடு உள்ளகத்தின் நகர்வைக் கழித்தால் எஞ்சுவது வளைவு மட்டுமே.

கண்ணாடிக்குள் ஒளியாலேயே கீற்றணி எழுத முடியும் என்பதைக் கென் ஹில் 1978-இல் கண்டறிந்தார். பக்கவாட்டிலிருந்து புற ஊதாக் கதிரைச் செலுத்தி எழுதும் முறையை மெல்ட்ஸ், மோரி, கிளென் ஆகியோர் 1989-இல் காட்டினர். பல்லுள்ளக இழையைப் பொறுத்தவரை அந்தப் பக்கவாட்டு முறைக்கு ஒரு பக்கவிளைவு உண்டு. உருண்டையான மேலுறையே ஓர் உருளை வில்லையாகச் செயல்பட்டுக் கதிரைக் குவிப்பதாலும், முன்னால் இருக்கும் உள்ளகம் பின்னால் இருப்பதற்கு நிழலாக அமைவதாலும், ஏழு உள்ளகங்களுக்கும் ஒரே அளவு ஒளி கிடைப்பதில்லை. எனக்கு வந்த இழையிலும், திரும்பி வரும் ஒளியின் நிறமாலையில், இரண்டு உள்ளகங்களின் உச்சங்கள் மற்றவற்றைவிடத் தெளிவாகத் தாழ்ந்திருந்தன. உச்சங்களின் அலைநீளங்களும் உள்ளகத்துக்கு உள்ளகம் சற்றே வேறுபட்டன. ஆகவே ஒரே பூச்சிய அலைநீளத்தை (வளைவில்லாதபோது காட்டும் அலைநீளத்தை) எல்லாவற்றுக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளக் கூடாது.

கீற்றணிகள் திருப்பி அனுப்பும் அலைநீளங்களைப் படிக்கும் கருவி இன்டராகேட்டர். என்னிடம் இருந்ததற்கு நான்கு வாய்கள். எனவே நடு உள்ளகத்தையும், 120 டிகிரி இடைவெளியில் அமைந்த மூன்று வெளி உள்ளகங்களையும் மட்டும் படிப்பது என்று முடிவு செய்தேன். வளைவின் அளவையும் திசையையும் காண மூன்று வெளி உள்ளகங்களே போதும். 20 மில்லிமீட்டருக்கு ஒன்றாக எட்டுக் கீற்றணிகள், ஒன்றுக்கொன்று 8 நானோமீட்டர் அலைநீள இடைவெளியில் இருந்தன.

ஏழு உள்ளகங்களையும் ஏழு தனி இழைகளாகப் பிரித்துத் தரும் ஃபேன்-அவுட் பாகத்தை உணரி இழையோடு ஸ்ப்ளைஸ் செய்வதுதான் (முனைகளை உருக்கிப் பற்றவைப்பதுதான்) கைவேலையில் மிகவும் பொறுமை கேட்ட கட்டம். சாதாரண இழையைப் பற்றவைக்கும்போது குறுக்கும் நெடுக்கும் நகர்த்தி மையங்களைப் பொருத்தினால் போதும். இங்கே இழையைத் தன் அச்சிலேயே சுழற்றியும் பொருத்த வேண்டும். ஒரு டிகிரி சுழற்சிப் பிழை, 35 மைக்ரோமீட்டர் தொலைவில் இருக்கும் உள்ளகத்தை 0.6 மைக்ரோமீட்டர் விலக்குகிறது. ஒளிப்புள்ளியின் ஆரம் 3 மைக்ரோமீட்டர் என்று கொண்டால் இதனால் ஏற்படும் இழப்பு 0.2 டெசிபெல்லுக்கும் குறைவு. ஆனால் மூன்று டிகிரி பிழைக்கு அது 1.6 டெசிபெல்லாக உயர்கிறது, ஏனெனில் இழப்பு விலகலின் இருபடியாக வளர்கிறது. கீற்றணியைப் பிரதிபலிப்பில் படிப்பதால் ஒளி இந்த இணைப்பை இரண்டு முறை கடக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இதில் கவனிக்க வேண்டியது, நடு உள்ளகம் சுழற்சியைப் பற்றி எதையுமே சொல்லாது என்பதுதான். அதில் ஒளி மிக நன்றாகக் கடந்துகொண்டிருக்கும்போதே வெளி உள்ளகங்கள் ஆறும் இருண்டு கிடக்கலாம். எனவே நடு உள்ளகத்தின் ஒளியை வைத்து இடவலப் பொருத்தத்தை முடித்துவிட்டு, எதிரெதிரே இருக்கும் இரண்டு வெளி உள்ளகங்களின் ஒளியைப் பார்த்தபடி சுழற்சியைச் சரிசெய்தேன். இரண்டும் ஒருசேர உச்சம் தொடும் கோணமே சரியான கோணம். ஒன்று ஏறும்போது மற்றொன்று இறங்கினால், பிழை சுழற்சியில் இல்லை, மையம் விலகியிருக்கிறது என்று பொருள். கிளீவ் செய்த, அதாவது பற்றவைப்பதற்காக வெட்டிய, முகம் சாய்ந்திருந்தாலும் இதே போன்ற அறிகுறி தெரியும். ஆகவே கிளீவ் கோணம் அரை டிகிரிக்கு மேல் இருந்த முனைகளைப் பற்றவைக்காமல் மீண்டும் வெட்டிக்கொண்டேன்.

இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்று உண்டு. அறுகோண அமைப்பில் 60 டிகிரி சுழன்று நின்றாலும் ஒளி சற்றும் குறையாமல் கடக்கும். ஆனால் அப்போது முதல் உள்ளகம் என்று நாம் நினைப்பது உண்மையில் இரண்டாவதாக இருக்கும், வளைவின் திசை முழுவதும் 60 டிகிரி தள்ளிக் காட்டும். இழப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது ஒருபோதும் கண்ணில் படாது. இதற்காகவே சில இழைகளில் ஓர் ஓரத்தில் சிறிய அடையாளக் குறி வைக்கப்படுகிறது. என் இழையில் அத்தகைய குறி இல்லாததால், ஸ்ப்ளைஸ் ஆறிய பிறகு ஒவ்வொரு தனி இழையிலும் சிவப்பு ஒளியைச் செலுத்தி, மறுமுனையை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, எந்தப் புள்ளி ஒளிர்கிறது என்று வரைந்து எண் இட்டேன். அண்டை உள்ளகங்களுக்குள் ஒளி கசிகிறதா என்பதையும் இந்தப் பார்வையிலேயே ஓரளவு அறியலாம். கசிவு இருந்தால், பிறகு நிறமாலையில் உண்மையான உச்சத்தின் பக்கத்தில் அண்டை உள்ளகத்தின் சிறிய போலி உச்சம் ஒன்று தோன்றி, உச்சத்தைத் தேடும் நிரலைக் குழப்பும்.

இழையின் கடைசி முனையை நேராக வெட்டி அப்படியே விட்டுவிட்டால், கண்ணாடிக்கும் காற்றுக்கும் இடையிலான பரப்பு சுமார் 3.5 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். கீற்றணிகள் வலுக்குறைந்தவையாக இருக்கும்போது அந்தப் பின்னணி ஒளி அவற்றை மூடிவிடும். எட்டு டிகிரி சாய்வாக வெட்டியதும் அந்தத் தொல்லை நீங்கியது.

அடுத்து, குழாய்க்குள் இழையைப் பொருத்துவது. இழையை ஓர் எஃகுப் பட்டையின் மேல் ஒட்டிவிடுவதே எளிய வழி என்று தோன்றும். ஆனால் 0.5 மில்லிமீட்டர் தடிப்புள்ள பட்டையின் மேற்பரப்பில் இழை ஒட்டப்பட்டால், பட்டையின் நடுநிலை அச்சிலிருந்து அது ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் விலகியிருக்கும். 10 சென்டிமீட்டர் ஆர வளைவில் இழை முழுவதுமே 3,000 மைக்ரோ திரிபு அளவுக்கு இழுபடும், உச்சங்கள் எல்லாம் 3.6 நானோமீட்டர் நகரும், அருகருகே உள்ள கீற்றணிகளின் அலைநீள எல்லைகள் ஒன்றோடொன்று மோதும் நிலைக்கு வந்துவிடும். அதோடு, நாம் தேடும் 420 பிகோமீட்டர் வேறுபாட்டை இவ்வளவு பெரிய பொது நகர்விலிருந்து கழித்து எடுக்க நேரிடும். அதனால் இழையை மெல்லிய டெஃப்லான் குழாய்க்குள் தளர்வாகச் செருகி, ஒரு முனையில் மட்டும் பசையிட்டேன். மறுமுனை வழுக்கி நகர்வதால் நீட்சி ஏறுவதில்லை. நடு உள்ளகம் வெப்பநிலையை மட்டும் காட்டும் வெப்பமானியாகிவிடுகிறது.

அளவீட்டுத் திருத்தத்திற்கு அதிக நேரம் ஒதுக்கினேன். உள்ளகத் தொலைவு 35 மைக்ரோமீட்டர் என்றும், கோண இடைவெளி 120 டிகிரி என்றும் தாளில் எழுதியிருப்பது சராசரி மட்டுமே. 20 சென்டிமீட்டர் ஆரத்தில் வளைந்த பள்ளம் கடையப்பட்ட ஓர் அலுமினியத் தகட்டில், இழையைவிடச் சற்றே அகலமான கண்ணாடி நுண்குழாயைப் பதித்து, இழையை அதற்குள் செலுத்தினேன். பின்னர் இழையின் இரு முனைகளையும் ஒரே அளவில் 15 டிகிரியாகச் சுழற்றிக்கொண்டே, ஒவ்வொரு நிலையிலும் எல்லா உச்சங்களையும் பதிவு செய்தேன். ஒரு முனையை மட்டும் சுழற்றினால் வளைவுக்குப் பதிலாக முறுக்குதான் சேரும். இழைக்குத் தயாரிப்பிலேயே சிறு இயல்பு வளைவு இருப்பதால், சில நிலைகளில் அது உராய்வில் நின்று பிறகு சட்டென்று புரண்டது; அத்தகைய நிலைகளில் முனைகளை விரலால் மெல்லத் தட்டி, அளவு நிலைபெற்ற பின்பே குறித்துக்கொண்டேன்.

முழுச் சுற்று முடிந்ததும் ஒவ்வொரு கீற்றணிக்கும் சுமார் 210 பிகோமீட்டர் வீச்சுள்ள சைன் வளைகோடு ஒன்று கிடைத்தது. அந்த ஒரே வளைகோடு மூன்று செய்திகளைத் தருகிறது. அதன் வீச்சு உள்ளகத்தின் தொலைவையும், அதன் கட்டம் உள்ளகத்தின் கோணத்தையும், அதன் சராசரி இழை நேராக இருந்தால் காட்டக்கூடிய அலைநீளத்தையும் சொல்கின்றன. கடைசியாகச் சொன்னது எனக்கு மிகவும் பிடித்த பயன். ஏனெனில் 42 மீட்டர் ஆர வளைவுகூட ஒரு பிகோமீட்டர் பிழையைத் தரும் இடத்தில், ஓர் இழையை உண்மையிலேயே நேராகக் கிடத்துவது மேசையின் மேல் செய்து முடிக்கக்கூடிய காரியம் அல்ல. வீச்சிலிருந்து கிடைப்பது தூய தொலைவு அல்ல, தொலைவும் கண்ணாடியின் திரிபுணர்திறனும் சேர்ந்த பெருக்கல்தான். ஆனாலும் பின்னர் கணக்குக்குத் தேவைப்படுவது அந்தப் பெருக்கலே என்பதால் இரண்டையும் பிரிக்க வேண்டியதில்லை. என் இழையில் இந்தப் பயன்படு தொலைவுகள் 35 மைக்ரோமீட்டரிலிருந்து அரை மைக்ரோமீட்டர் வரை விலகியிருந்தன. கோணங்களில் ஒன்று ஒரு டிகிரிக்குச் சற்று மேல் பிசகியிருந்தது.

அரை மைக்ரோமீட்டர் என்பது அற்பமான அளவாகத் தோன்றலாம். 35-இல் 0.5 என்பது 1.4 சதவீதம். 140 மில்லிமீட்டர் நீளமுள்ள உணரியை 10 சென்டிமீட்டர் ஆரத்தில் வளைத்தால், இந்த ஒரே பிழை முனையின் இடத்தை ஏறத்தாழ 1.3 மில்லிமீட்டர் தள்ளிக் காட்டும். இதற்கு எதிராக, இன்டராகேட்டரின் ஒரு பிகோமீட்டர் பிழை எல்லாக் கீற்றணிகளிலும் ஒரே திசையில் விழுந்தாலும்கூட, அதே நீளத்தில் 0.25 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. ஆகவேதான் விலையுயர்ந்த கருவிக்கு மாறுவதற்கு முன் பள்ளம் கடைந்த தகடு ஒன்றைச் செய்துகொள்ளுங்கள் என்று இதில் இறங்கும் எவருக்கும் சொல்வேன். நீளம் கூடும்போது கருவிப் பிழையும் பெரிதாகிறது என்பது உண்மைதான்: முனைப் பிழை நீளத்தின் இருபடியாக ஏறுவதால், ஒரு மீட்டரில் அதே ஒரு பிகோமீட்டர் 12 மில்லிமீட்டராக வளர்ந்துவிடும்.

வளைமைகளிலிருந்து (வளைமை என்பது வளைவு ஆரத்தின் தலைகீழ்) வடிவத்தைக் கட்டும் கணக்கில் ஒரு தேர்வு முக்கியமானது. வளைகோட்டின் ஒவ்வொரு புள்ளியிலும் திசைகளைக் குறிக்கும் அச்சுத் தொகுதியே சட்டகம். பாடநூல்களில் வரும் ஃபிரெனே-செரே சட்டகத்தில் செங்குத்துத் திசை வளைவைக் கொண்டே வரையறுக்கப்படுகிறது. எனவே குழாய் நேராக இருக்கும் இடத்திலும், எஸ் வடிவில் வளைவு திரும்பும் இடத்திலும் அந்தத் திசை பொருளற்றுப் போகிறது, கணக்கிட்ட வடிவம் திடீரெனப் புரள்கிறது. இழையோடு சேர்ந்து முறுக்கில்லாமல் நகரும் இணைப்பெயர்ச்சிச் சட்டகத்தைப் பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் எழுவதே இல்லை. எட்டு இடங்களில் கிடைத்த வளைமைகளை மென்கோடாக இணைத்து, இந்தச் சட்டகத்தில் தொகையிட்டேன். எஸ் வடிவப் பள்ளத்தில் வைத்துச் சோதித்தபோது முனையின் இடம் ஒரு மில்லிமீட்டருக்குள் பொருந்தியது.

வெப்பச் சோதனையில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. நீர்த்தொட்டியில் 30 டிகிரி உயர்த்தியபோது எல்லா உள்ளகங்களும் சுமார் 300 பிகோமீட்டர் நகர்ந்தன, அவற்றுக்கிடையேயான வேறுபாடு இரண்டு மூன்று பிகோமீட்டருக்குள் நின்றது.

முறுக்கைப் பொறுத்தவரை இந்த இழைக்குக் கண் தெரியாது என்றே சொல்ல வேண்டும். உள்ளகங்கள் இழையின் நீளவாட்டில் நேராகச் செல்வதால், மீட்டருக்கு ஒரு முழுச் சுற்று முறுக்கினாலும் வெளி உள்ளகம் நீள்வது 0.024 மைக்ரோ திரிபுதான். எந்த இன்டராகேட்டரும் அதைப் பார்க்காது. உள்ளகங்கள் தயாரிப்பிலேயே மீட்டருக்கு 50 சுற்று என்ற அளவில் திருகப்பட்டிருந்தால், அதே முறுக்குக்கு 2.4 மைக்ரோ திரிபு கிடைக்கும். அது நூறு மடங்கு. அதோடு முறுக்கின் திசையும் தெரியும். குழாய் தன் அச்சில் சுழலக்கூடிய பயன்பாடுகளுக்குத் திருகு உள்ளக இழையையே வாங்க வேண்டும். நேர் உள்ளக இழையில் மென்பொருளால் இதை ஈடுகட்ட வழியில்லை.

இதே மேசையில், இதே ஸ்ப்ளைஸ் கருவியைக் கொண்டு, காற்றுத் துளைகள் நிறைந்த ஒளிப்படிக இழையையும் உணரியாக்கிப் பார்த்தேன். இத்தகைய இழை முதன்முதலில் 1996-இல் நைட், பர்க்ஸ், ரஸ்ஸல், அட்கின் ஆகியோரால் வெளியிடப்பட்டது. இதில் உள்ளகமும் மேலுறையும் ஒரே தூய சிலிக்காதான். மேலுறையில் நீளவாட்டில் ஓடும் நுண்துளைகள் அதன் சராசரி ஒளிவிலகல் எண்ணைக் குறைப்பதால் ஒளி நடுவில் அடைபட்டிருக்கிறது. பல்லுள்ளக இழையில் உணர்வது கண்ணாடியின் நீட்சி. இங்கே துளைகளுக்குள் எது நுழைகிறதோ அதையும் உணரலாம்.

சாதாரண இழைக்கான மின்வில் (முனைகளை உருக்கும் மின்பொறி) அமைப்பிலேயே இதைப் பற்றவைத்தால், வெப்பத்தில் துளைகள் மூடிக்கொண்டு, சில நூறு மைக்ரோமீட்டர் நீளத்திற்கு வெறும் கண்ணாடித் தண்டு உண்டாகிவிடும். இணைப்பாக மட்டும் கருதினால் இது குறை. மின்முனைகளைச் சாதாரண இழையின் பக்கம் தள்ளி, வில்லின் வலிமையையும் நேரத்தையும் குறைத்தால் பெருமளவு தவிர்க்கலாம். ஆனால் உணரிக்கு அந்த மூடிய பகுதிதான் தேவை. அதற்குள் ஒளிக்கற்றை பரந்து விரிகிறது, மீண்டும் துளைகள் தொடங்கும் இடத்தில் ஒரு பகுதி உள்ளகத்திலும் மறுபகுதி மேலுறையிலும் நுழைகிறது. சில சென்டிமீட்டர் தாண்டி, வெட்டிய முனையில் பிரதிபலித்துத் திரும்பும் இவ்விரண்டும் அதே மூடிய பகுதியில் மறுபடி கலக்கும்போது நிறமாலையில் சீரான ஏற்ற இறக்கங்கள் தோன்றுகின்றன. இழைத் துண்டின் நீளத்தை இரட்டித்தால் அவற்றின் இடைவெளி பாதியாகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால், சாம்பல் நிறக் கோடுகளாகத் தெரியும் துளைகள் ஒடுங்கி முடிந்து, தெளிந்த கண்ணாடி தொடங்கும் எல்லை நன்றாகத் தெரியும். அந்த எல்லை இழையின் அச்சுக்குச் செங்குத்தாக, சுற்றிலும் சமமாக அமைந்த துண்டுகளில்தான் ஏற்ற இறக்கங்கள் ஆழமாக வந்தன.

இந்த இழையைக் கையாளும்போது ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். பூச்சை உரித்ததும் ஆல்கஹாலால் துடைப்பது வழக்கம். அதை வெட்டுவதற்கு முன் மட்டுமே செய்ய வேண்டும், வெட்டிய முகத்தில் ஆல்கஹால் படவே கூடாது. 3 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள துளைக்குள் எத்தனால் நுண்புழை விசையால் முதல் நொடியிலேயே ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் ஏறிவிடும். மறுமுனை மூடியிருந்தால் உள்ளே சிக்கிய காற்று அமுங்கி எதிர்க்கும். அப்போதும் நீளத்தில் கால் பகுதிக்குச் சற்றுக் குறைவான தூரம் வரை திரவம் சென்றே நிற்கும். அந்த இடத்தில் ஒளி அடைபடுவது வலுவிழந்து, ஏற்ற இறக்கங்கள் குலைந்துவிடும்.

திரவம் வேண்டாம், ஆவியே போதும் என்பதையும் மேசையிலேயே பார்த்தேன். திறந்த முனைக்கு அருகில் ஆல்கஹால் புட்டியின் மூடியைத் திறந்ததும், திரையில் நிறமாலை ஒரு பக்கமாக நகரத் தொடங்கியது. மூடியபின் அது திரும்பிவர எடுத்துக்கொண்ட நேரம் நகர்ந்த நேரத்தைவிடக் கூடுதல், ஏனெனில் ஆவி அதே குறுகிய துளைகளின் வழியாகப் பரவித்தான் வெளியேற வேண்டும். ஆவியையோ ஈரப்பதத்தையோ அளப்பதற்கு இந்தத் திறந்த முனை மிகச் சிறந்தது. திரிபை அளப்பதற்கென்றால், காற்றின் ஈரம் மாறும்போதெல்லாம் அளவும் மாறிக்கொண்டிருக்கும் என்பதால் முனையை மூடியே ஆக வேண்டும். வலுக்குறைந்த வில்லைச் சிறிது நேரம் காட்டினால் கடைசிச் சில பத்து மைக்ரோமீட்டரில் துளைகள் மூடிக்கொள்ளும். வலிமையோ நேரமோ கூடினால் முகம் உருண்டையாகிப் பிரதிபலிப்பு சிதறிவிடும். எனவே மூடுவதற்கு முன்பும் பின்பும் நிறமாலையைப் பதிவு செய்து, ஏற்ற இறக்கங்களின் ஆழம் குறையாத துண்டுகளை மட்டும் திரிபு அளவீட்டுக்கு எடுத்து வைத்திருக்கிறேன். மற்றவற்றை மூடிய பகுதிக்குப் பின்னால் மீண்டும் வெட்டித் திறந்து ஆவிச் சோதனைக்குப் பயன்படுத்துகிறேன்.